மொட்டைப் பாறையில் தீர்ந்த நடை

மலையடிக் காட்டில் சடைச்சி என்ற கிழக் கரடியும் அதன் மகன் கருவனும் வாழ்ந்துவந்தன. அந்த ஆண்டுக் கோடை பொல்லாததாக இருந்தது. சுனையில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. ஆற்றுக்குப் போனால்தான் பிழைக்கலாம். ஆறு நான்கு நாள் நடைத் தூரம். வழி சடைச்சிக்கு மட்டும்தான் தெரியும்.

"நாளைக்கே கிளம்பலாம், மகனே," என்றது சடைச்சி.

கருவன் தாயை மேலும் கீழும் பார்த்தது. ஏற்றத்தில் தாய்க்கு மூச்சு வாங்கும். நடுவழியில் இது படுத்துவிட்டால் என் கதி என்ன? இந்தப் பயம் மனத்தில் புகுந்ததும், கூட்டாளி முயலிடம் போய்ச் சொன்னது.

"பழகாத கால் பாதி வழியில் மடங்கிவிடும்," என்றது முயல். "தினமும் நடக்கவிட்டுப் பழக்கு. உடம்பு கனத்தால் கால் தாங்காது. தீனியையும் குறை."

முயல் தன் புதரைத் தாண்டி அதிக தூரம் போனதே இல்லை. ஆனாலும் அது பேசிய தோரணை கருவனுக்குப் பிடித்துவிட்டது.

மறுநாள் முதல் காலையும் மாலையும் தாயை மொட்டைப் பாறைமேல் ஏறி இறங்க வைத்தது. புற்றைக் கிளறி எடுக்கும் கறையானில் தாய்க்குப் பாதிப் பங்குதான். மீதியை வீணாக்க மனமில்லாமல் தானே தின்றது.

"நடக்க வேண்டியதை வழியில் நடப்போமே, மகனே. இங்கேயே ஏன் நடந்து தீர்க்க வேண்டும்?"

"நேற்று நாலு தடவை உட்கார்ந்தாய். இன்று மூன்று தடவைதான். தேறிவருகிறாய், அம்மா."

மகன் பயந்திருப்பது தாய்க்குத் தெரிந்தது. அதனால் மறுபேச்சுப் பேசவில்லை. பத்தாம் நாள், வெயிலில் காய்ந்த பாறையில் அதன் உள்ளங்கால் வெடித்தது. அதை மகனுக்குக் காட்டாமல் ஏறியது. பதினைந்தாம் நாள் ஒரு தடவைகூட உட்காரவில்லை. கருவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்போது நீ தயார். விடிந்ததும் கிளம்புவோம்."

விடிந்தபோது சுனையில் சேறுதான் இருந்தது. சடைச்சி முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. பின்னங்கால்கள் எழவில்லை.

"நேற்று நன்றாகத்தானே நடந்தாய்?" என்று எரிந்து விழுந்தது கருவன்.

"நேற்றோடு தீர்ந்துவிட்டது, மகனே."

"வழியையாவது சொல்." இத்தனை நாளில் கருவன் அதைக் கேட்டதே இல்லை.

"கருங்காலி மரத்தடியில் வழி இரண்டாகப் பிரியும். மண்ணை மோந்து பார்த்துத்தான் நான் திரும்புவேன். அதை வாயால் சொல்லத் தெரியவில்லையே. கூட வந்தால் காட்டியிருப்பேன்." தாய் தலையைத் தரையில் சாய்த்தது. "வெயில் ஏறுவதற்குள் நீ போ."

கருவன் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

கருங்காலி மரத்தடியில் மண்ணை மோந்து பார்த்தது. வெறும் மண் வாசனைதான் வந்தது. தப்பான வழியில் போய், திரும்பி, மறுபடி அலைந்து, பன்னிரண்டாம் நாள் எலும்பும் தோலுமாக ஆற்றை அடைந்தது.

அங்கே தண்ணீரில் நின்ற ஒரு கிழக் கரடி கருவனின் நெஞ்சிலிருந்த வெள்ளைப் பட்டையை உற்றுப் பார்த்தது.

"நீ சடைச்சி பிள்ளைதானே? அம்மா எங்கே?"

"அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது."

"அவளாலா? நீ குட்டியாக இருந்த கோடையில் உன்னை முதுகில் சுமந்துகொண்டு இதே வழியில்தான் வந்தாள். நாலே நாளில்."

 கருவன் குனிந்து தண்ணீர் குடித்தது. தாகம் அதிகமாக இருந்ததால் நிறையவே குடித்தது.

துணைக்கு வருபவரின் பலத்தைச் சோதித்தே தீர்ப்பவன், துணையில்லாமல்தான் நடப்பான்.