நெடுஞ்செவியாரின் சாம்பல் இலை

மருளி என்ற புள்ளிமானின் குட்டிக்கு விடியற்காலையிலிருந்தே முன்னங்கால் வீங்கிக் கிடந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. மருளி அதை ஓடைக்கரை மருத மரத்தடியில் படுக்க வைத்துவிட்டு, நெடுஞ்செவியாரை அழைத்துவர ஓடியது.

நெடுஞ்செவியார் ஒரு முயல். பெயரின் கடைசியில் உள்ள மரியாதை அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டது. ஒருமுறை மேட்டில் மேயும்போது அவரைப் பாம்பு கடித்தது. வலி தாங்காமல் பக்கத்தில் இருந்த சாம்பல் நிறச் செடியின் இலையை மென்றார். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர்தான் வைத்தியர்! வயிற்றுவலிக்கும் அதே இலை. பல்வலிக்கும் அதே இலை. கெட்ட கனவுக்கும் அதே இலைதான்.

ஓடைக்கு அக்கரையில், மருத்துவத்தை முறையாகக் கற்ற கரடி ஒன்றும் இருந்தது. ஆனால் அது கேள்வி கேட்கும். என்ன தின்றாய், எப்போது வலித்தது, எந்தப் பக்கம் வலித்தது என்று துளைத்தெடுக்கும். நெடுஞ்செவியாரிடம் அந்தத் தொல்லை இல்லை.

"பாம்புக்கடி!" என்றார் அவர், மரத்தடிக்கு வந்து சேரும் முன்பே.

"கடித்ததை நான் பார்க்கவில்லையே, ஐயா?"

"நீ எதற்குப் பார்க்க வேண்டும்? நான் கடிபட்டவன்! எனக்குத் தெரியாதா?"

"எதற்கும் அக்கரைக் கரடியிடம் ஒரு வார்த்தை..."

"தாராளமாகப் போ! அது கேட்டு முடிப்பதற்குள் உன் பிள்ளைக்குக் கொம்பு முளைத்துவிடும்." பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத்தனை பேர் என் இலையைத் தின்றிருக்கிறார்கள். ஒருவராவது திரும்பி வந்து குறை சொன்னதுண்டா?"

மருளி யோசித்துப் பார்த்தது. உண்மைதான். அணில் குறை சொல்லவில்லை. முள்ளம்பன்றியும் சொல்லவில்லை. சொல்லப்போனால், அதற்குப் பிறகு அவர்களைப் பார்த்ததாகவே நினைவில்லை.

"மேட்டுக்குப் போய் இளந்தளிராகப் பறித்து வா. இந்த வருஷம் செடி அமோகமாக வளர்ந்திருக்கிறது. ஏனென்றுதான் தெரியவில்லை!" என்றார் நெடுஞ்செவியார்.

உச்சிப்பொழுது. மேட்டில் நிழல் இல்லை. காற்று இல்லை. சில்வண்டுகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தன. ஆனாலும் சாம்பல் இலைகள் அசைந்தன. செடிகள் தனித்தனிப் புதர்களாக நின்றன. ஒரு புதர் அணில் அளவு இருந்தது. இன்னொன்று முள்ளம்பன்றி அளவு.

மருளி ஒரு தளிரை வாயால் பற்றியது.

"வரிசையில் வா, அம்மா" என்றது ஒரு குரல்.

மருளி தளிரை விட்டுவிட்டது. "யா... யாரது?"

"அணில்தான்" என்றது சின்னப் புதர். "பழம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, வயிற்றுவலி. சும்மா இருந்திருந்தால் மறுநாள் சரியாகியிருக்கும். இலையைத் தின்றேன். இங்கேயே படுத்துவிட்டேன்."

"எனக்குப் பல்வலி" என்றது பெரிய புதர், முள்ளம்பன்றியின் கரகரத்த குரலில். "இன்னும் வலிக்கிறது. உடம்பில் மற்றதெல்லாம் மண்ணாகிவிட்டது. பல் மட்டும் இருக்கிறது."

"குறை சொல்லத்தான் தினமும் இந்நேரம் கூப்பிடுகிறோம்" என்றது அணில். "அவ்வளவு பெரிய காது! ஒரு சொல்லாவது ஏற வேண்டுமே!"

மருளி ஓரடி பின்வாங்கியது. "ஆனால் அவர் பிழைத்தாரே!"

"என்னால் பிழைத்தார்!" என்று கீச்சிட்டது, எளிதில் கண்ணில் படாத அளவு சிறிய புதர் ஒன்று. "நான் எலி. அவரைக் கடிப்பதற்குச் சற்று முன்னால்தான் அந்தப் பாம்பு இதே இடத்தில் என்னைக் கடித்தது. விஷமெல்லாம் எனக்கு வந்துவிட்டது. அவர்மேல் பட்டது வெறும் பல்! இந்த இலையோ முயல் வயிற்றுக்குப் புல், மற்ற வயிறுகளுக்கு நஞ்சு. அவர் புகழில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு நன்றி சொன்னாரா, கேள்!"

"உன் பிள்ளைக்கும் இங்கே இடம் பார்த்து வைத்திருக்கிறோம்" என்றது அணில், அன்பாகவே. "அளவு சரியாக இருக்கும்."

மருளியின் காலடியில் மண் மெல்ல இளகி, ஒரு மான்குட்டி சுருண்டு படுக்கும் அளவுக்குக் குழிந்தது.

மருளி ஓடிய ஓட்டம் ஓடைக்கு அக்கரையில்தான் நின்றது. கரடி உடனே கிளம்பியது. தண்ணீரைக் கடந்தபடியே கேட்கவும் தொடங்கியது.

"எப்போது வீங்கியது?"

"விடியற்காலையில்."

"நேற்று எங்கே மேய்ந்தது?"

"கருவேலங்காட்டில்."

"நொண்டியதா?"

"நேற்று மாலையிலிருந்தே!"

ஒவ்வொரு கேள்விக்கும் மருளிக்கு மூச்சு கொஞ்சம் திரும்பி வந்தது.

மரத்தடியில் நெடுஞ்செவியாருக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. தம் வளையில் கிடந்த ஒரு முற்றிய இலையைத் தாமே கொண்டுவந்து குட்டியின் உதட்டில் வைத்திருந்தார். "வாயைத் திற, கண்ணு!"

கரடி ஒரே அறையில் இலையைத் தட்டிவிட்டது. குட்டியின் காலைத் திருப்பிப் பார்த்தது. குளம்பின் பிளவுக்குள் ஒடிந்த கருவேல முள் ஒன்று புதைந்திருந்தது. அதைப் பல்லால் இழுத்ததும் சீழ் வழிந்தது. குட்டி ஒருமுறை அலறியது. பிறகு பால் கேட்டது.

"பார்த்தாயா!" என்றார் நெடுஞ்செவியார். "என் இலை உதட்டில் பட்டதுமே குணம் தெரிகிறது!"

மருளி அவரை உற்றுப் பார்த்தது. "ஐயா, குறை சொல்ல ஆட்கள் வந்திருக்கிறார்கள். உச்சிவேளையில் மேட்டுக்குப் போய்க் காதைத் தரையில் வைத்துக் கேளுங்கள்."

"உளறல்!" என்றார் அவர். அது உளறல் என்று காட்டுவதற்காகவே மறுநாள் உச்சிவேளையில் மேட்டுக்குப் போனார். நீளமான வலக் காதை மண்ணில் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் இலை கொடுக்கவில்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் "அக்கரைக்குப் போ" என்பதோடு சரி. ஆனால் தினமும் வெயில் உச்சிக்கு ஏறும்போது மேட்டில் ஒரு முயல் தரையோடு தரையாகப் படுத்திருப்பதைப் பார்க்கலாம். தலையை ஆட்டிக்கொண்டே கேட்கும். பிறகு மெதுவாக, "அடுத்தவர்?" என்னும்.

வரிசை இன்னும் முடியவில்லை.

தான் பிழைத்த கதை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கற்காத வைத்தியத்தைப் பிறருக்குச் சொல்லக் கூடாது.