தலைவர் கேட்காத விதை

மலாவியில் ஊர்த்தலைவர் கலோங்கா, கணவனை இழந்த எலூபிக்கு ஒரு தரிசு நிலத்தை இரவலாகக் கொடுத்தார். அவள் புதிய ரகத் துவரை விதைத்தாள். மண் தேறி, செடிகள் காய்த்துத் தொங்கின. அதைப் பார்த்ததும் தலைவர் ஊரைக் கூட்டினார்.

"நான் கொடுத்தபடியே நிலத்தைத் திருப்பிக் கொடு."

"தருகிறேன் ஐயா. நீங்கள் கொடுத்தபோது அதில் புல்கூட முளைக்காது. மறுபடி அப்படி ஆகும்வரை பொறுத்திருங்கள்."

ஊரே சிரித்தது. தலைவர் எழுந்து போனார். நிலம் அவளிடமே நின்றது.

ஊரார் அவளிடம் துவரை விதை வாங்கி விதைத்தார்கள். தலைவருக்கு மட்டும் கேட்க வெட்கம். அடுத்த ஆண்டு மழை குறைந்தபோது துவரை தாங்கியது; அவருடைய மக்காச்சோளம் கருகியது.

எலூபியே விதையோடு அவர் வீட்டுக்குப் போனாள். பூட்டியிருந்தது. குடும்பத்தோடு பிழைப்புத் தேடிப் போய்விட்டாராம்.

"அன்றைக்கு ஊர்முன் சொன்னதை நான் அவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்," என்றாள் எலூபி.