கோமதிநாயகம் ஏழு கம்ப்யூட்டரை ஒரு பெட்டிக்குள் அடைத்த கதை

சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கோமதிநாயகத்தைக் கூப்பிட்டால் இரண்டு காரியம் நடக்கும். கம்ப்யூட்டர் சரியாகும், கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்குத் தலை கிறுகிறுக்கும். இதில் முதல் காரியம் சில நாள் தவறிப்போகும். இரண்டாவது தவறினதே கிடையாது.

அது தெரிந்தும் அன்றைக்கு வடிவக்காவுக்கு வேறு வழியில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அவள் அச்சாபீஸில் காலையிலே பழைய கம்ப்யூட்டர் புகை விட்டுப் படுத்துவிட்டது. அவளுடைய தமிழ் எழுத்தெல்லாம் அந்தக் கிழத்துக்குத்தான் தெரியும். பக்கத்தில் இருக்கிற புது கம்ப்யூட்டரில் அதே பத்திரிகையைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்கிற இடத்தில் கட்டமும் கேள்விக்குறியுமாக நிற்கிறது.

ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம் அது. அவர் கல்யாணத்திலிருந்து அந்த வீட்டுப் பத்திரிகை எல்லாம் ஒரே சுழி எழுத்தில்தான். முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவி, இன்றைக்கே குலசாமி காலடியில் வைக்க வேண்டும், நாளைக்கு அஷ்டமி. கோயிலுக்குப் போகிற பஸ் ஐந்து மணிக்கு. விட்டால் அண்ணாச்சி, எதிரே கண்ணாடிக் கதவு போட்டுத் திறந்திருக்கிற புதுப் பிரிண்டிங் கடைக்குப் போய்விடுவார். அவர் போனால் அவர் சொக்காரப் பங்காளிகள் பூராவும் பின்னாலேயே போவார்கள். வடிவக்கா கோமதிநாயகத்துக்குப் போன் போட்டாள், அவனும் வந்து இறங்கினான்.

"பழசு செத்தா என்னக்கா? இந்தப் புதுசுக்குள்ளயே அதை உக்கார வச்சிருதேன்," என்றான் கோமதிநாயகம். "நான் ஒரு சங்கதியைப் போட்டேன்னா, இது தன்னைப் பழைய பெட்டின்னு நெனச்சுக்கிடும். விண்டோஸ் தொண்ணூத்தெட்டு வந்து, நம்ம வீடுதானேன்னு சம்மணம் போட்டு உக்காந்துரும்."

பழைய பெட்டியின் வயிற்றிலிருந்ததை எல்லாம் உருவிப் புதியதில் ஏற்றினான். திரையில் ஒரு நீலப் பட்டை எறும்பாக ஊர ஆரம்பித்தது. அது ஊர்ந்து முடிகிற வரைக்கும் கோமதிநாயகத்துக்குக் கை சும்மா. கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்குமா?

"ராஜபாளையத்துல ஒரு மில்லுக்கு இதே மாதிரி போட்டுக் குடுத்தேன். எவ்வளவு அச்சு அசலா வந்துச்சுன்னா, லேசர் மவுஸு ஓட மாட்டேங்கு. கழட்டிப் பாக்கேன், உள்ள பழைய காலத்து ரப்பர் உருண்டை! அழுக்குச் சுத்திக் கெடக்கு. நகத்தால சொரண்டி எடுத்தேன்."

அச்சு மிஷின் ஓட்டுகிற இசக்கி எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்த்தான். "லேசர் மவுஸுக்குள்ள உருண்டை எப்படிவே வரும்?"

"அதான் நானும் கேட்டேன்! பதில் சொல்ல அங்க ஆளில்ல. அதை விடு, அந்தப் பெட்டியில ஒரு வைரஸும் இருந்துச்சு. தொண்ணூத்தெட்டுல பொறந்தது, தலையெல்லாம் நரைச்சிருச்சு. வெளிய வந்து, தொத்திக்கிட்டுப் போகப் பிளாப்பித் தட்டைத் தேடுது. எந்தப் பக்கம் பாத்தாலும் பிளாப்பி போடுத வாசலே இல்ல. கேவிக் கேவி அழுதுச்சுக்கா. எனக்கு மனசு கேக்கல. மில்லு கேட்டுல வாட்ச்மேன் வேலைக்குச் சேத்து விட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு புது வைரஸு உள்ள வந்ததில்ல. 'யாருல அது?'ன்னு ஒரு அதட்டுதான்!"

"கோமதி, பட்டை நின்னு போச்சுப்பா," என்றாள் வடிவக்கா. அவளுக்கு வைரஸ் அழுதால் என்ன, சிரித்தால் என்ன?

"நிக்கலக்கா, ஆளு வரணும். நான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்னு ஏழு கம்ப்யூட்டர் அடைச்சவன். உள்ள போகப் போக வயசு கூடும். ஏழாவதுல கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதையும் தாண்டிப் போய்ப் பாத்தா, கம்ப்யூட்டரே இல்ல. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவரு, காதுல பென்சில சொருகிக்கிட்டு உக்காந்திருக்காரு. நாம மேல ஒரு பட்டனைத் தட்டுனா, அவரு அங்க கூட்டிக் கழிச்சு விடையை அனுப்பணும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அடியில அவருதான். கம்பெனிக்காரன் வெளிய சொல்ல மாட்டான்."

"இப்ப அவரு எங்க போயிருக்காரு?"

"சாப்பிட்டுக் கை கழுவுதாரு."

சொல்லி வாய் மூடவில்லை, பட்டை நகர்ந்தது. இசக்கி வாயைப் பிளந்தான். கோமதிநாயகத்துக்கு அது போதாதா?

"அடியில அப்படின்னா மேல எப்படி? நாமளே எவனோ ஒருத்தன் பெட்டிக்குள்ளதான் ஓடிக்கிட்டு இருக்கோம். போன புரட்டாசியில ஒருநாள் பூரா, பொட்டு மேகம் இல்லாம வானம் நீலமாவே நின்னுச்சே, வெயில்னா நெனச்சீங்க? மேல உள்ளவன் சிஸ்டம் ஹேங் ஆகி, நீலத் திரையில நின்னுட்டு! நான் மொட்டை மாடியில ஏறி, 'ஏவே, அணைச்சிட்டுப் போடும்!'னு ஒரு சத்தம் போட்டேன். அணைச்சுப் போட்டான். ஒரு நிமிசம் எல்லாருக்கும் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா, இல்லையா?"

"எனக்கு வந்துச்சு. சுகருன்னு டாக்டர் சொன்னாரு," என்றான் இசக்கி.

"டாக்டருக்கு ஹார்டுவேர் மட்டும்தான்டே தெரியும்."

அந்த நேரத்தில்தான் திரை பளிச்சென்று வந்தது. பழைய பச்சைப் பின்னணி, பழைய ஐகான்கள். வடிவக்கா தன் கண்ணையே நம்பவில்லை. ஆனால் பத்திரிகை அடிக்கிற மென்பொருளைத் தட்டினால், அது பெட்டி மாறினதைக் கண்டுகொண்டு லைசன்ஸ் கேட்டு, 'உங்கள் காலம் முடிந்தது' என்று முகத்திலடித்துச் சாத்திக்கொண்டது. கோமதிநாயகம் அசரவில்லை. உள்ளே இருக்கிற கடிகாரத்தைத் திருகி, தேதியைத் தொண்ணூற்றெட்டுக்கு, வெகுதானிய வருஷத்து ஆவணிக்குத் தள்ளினான். மென்பொருள் வாங்க வாங்க என்று திறந்துகொண்டது.

மணி நாலே கால். வடிவக்கா பெயர்களை மட்டும் அவசர அவசரமாகச் சரிபார்த்து ஒரு தாளை அடித்து எடுத்தாள். சுழி எழுத்து தேர் மாதிரி இறங்கியிருந்தது. சரியாக அப்போது ஆவுடையப்பன் அண்ணாச்சி மஞ்சள் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"நிகழும் மங்களகரமான வெகுதானிய வருஷம்..." அதோடு நிறுத்திவிட்டார். "ஏ தாயி, இப்ப நடக்கது விசுவாவசு வருஷம்லா? வெகுதானியத்துல என் மக பொறக்கவே இல்லையே. எனக்கும் அவ அம்மைக்குமே அந்த ஆவணியிலதான் கல்யாணம்!"

வடிவக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். தமிழ் வருஷத்தை அந்த மென்பொருள் தேதியைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்ளும். அவசரத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"தேதியை மாத்துப்பா!"

"மாத்துனா மறுபடியும் சாத்திக்கிடும்க்கா."

அண்ணாச்சியின் கண் எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவுக்குப் போனது. வடிவக்கா யோசிக்க நிற்கவில்லை. போன வாரம் அடித்த வேறொரு கல்யாணத்துத் தாளை இழுத்தாள், பிளேடால் 'விசுவாவசு'வை மட்டும் கீறி எடுத்தாள், பசை தொட்டு வெகுதானியத்தின் தலையில் ஒட்டி இசக்கி கையில் கொடுத்தாள். பிரஸ்ஸில் எழுத்துப்பிழைக்குச் செய்கிற ஒட்டுவேலைதான். ஒரு வருஷத்தையே அவள் ஒட்டியது அன்றைக்குத்தான்.

இசக்கி அதைத் தகட்டில் இறக்கி மிஷினில் மாட்டுகிற வரை அண்ணாச்சியை நகரவிடாமல் நிறுத்தியது கோமதிநாயகத்தின் வாய். "இது பிழையில்ல அண்ணாச்சி. பெட்டிக்குள்ள நெசமாவே வெகுதானிய வருஷம்தான் நடக்கு. காதை வச்சுக் கேளுங்க, உங்க கல்யாண மேளம் கேக்கும். பந்தியில இன்னும் பாயாசம் வரல. காலை எடுத்து வச்சா போயிரலாம். நான் காலையிலதான் போயிட்டு வந்தேன், உங்களுக்கு அப்ப எவ்வளவு முடி!"

பத்திரிகை ஈரமாக வந்து விழுந்தது. அண்ணாச்சி வருஷத்தை இரண்டு தரம் வாசித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. வாசல்படி வரைக்கும் போன அண்ணாச்சி திரும்பினார்.

"தம்பி, நெசமாவே உள்ள போகலாமா?"

"உங்க மேல சத்தியமா அண்ணாச்சி."

"அப்ப ஒரு எட்டு போயி, அந்த வருஷத்து வெலைக்கு என் மகளுக்கு நாப்பது பவுன் வாங்கிட்டு வந்திரு. ரூவா இப்பவே தாரேன்."

இசக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காலையிலிருந்து சிரிக்காத வடிவக்காவும் சிரித்துவிட்டாள். கோமதிநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, திரையின் மூலையில் இருந்த தேதியை நன்றாகப் பார்த்தான்.

"போயிருப்பேன் அண்ணாச்சி," என்றான் வருத்தமாக. "அங்க இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. நகைக்கடை லீவு."