சித்திரையில் நாவற்பழம்

மழைக்காலத்தில் ஆறாகவும் கோடையில் வெறும் மணலாகவும் கிடக்கிற ஓடை ஒன்று ஒரு காட்டில் இருந்தது, குழந்தைகளே. அதன் கிழக்குக் கரையில் சடைச்சி என்று ஒரு கரடி குடும்பம் நடத்திவந்தாள். மந்தையன் என்று ஒரு புருஷன், எப்போதும் பசிக்கிற இரண்டு குட்டிகள், நாலு மரமும் நாலு கொடியும் உள்ள ஒரு கொல்லை. இவ்வளவுதான் அவள் சொத்து.

சடைச்சிக்கு நல்ல கைப்பக்குவம். மாங்காயைக் குழைய வேகவைத்து, தேன் விட்டு, வேப்பம்பூவை முறுக வறுத்துத் தூவி அவள் ஒரு பச்சடி செய்வாள். அன்றைக்கு மந்தையன் இலையை வழித்து நக்கிவிட்டு, சட்டி எங்கே என்று தேடுவான். சட்டியைக் குட்டிகள் ஏற்கெனவே தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஆனால் அவளிடம் ஒரு குணம். தன் வீட்டில் இருப்பவர்களுக்கு எது பிடிக்கிறதோ, அது வெளியாட்களுக்கு வைக்க லாயக்கில்லை என்று நினைப்பாள். விருந்தாளி வந்துவிட்டால் பச்சடிச் சட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அந்தக் காட்டில் கோடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடை வற்றியதும் யானைக் கூட்டம் அந்தப் பக்கம் இறங்கி வரும். கூட்டத்தின் தலைவியை எல்லாரும் யானைப் பெரியம்மா என்பார்கள். பெரியம்மா ஏதாவது ஒரு வீட்டில் சாப்பிடும். சாப்பிட்ட வீட்டு வாசலுக்கு நேரே மணலைத் தோண்டி ஊற்று எடுத்துக் கொடுக்கும். ஊற்று யார் வாசலில் இருக்கிறதோ, அவர்கள் தினமும் முதலில் மொள்ளலாம். மற்றவர்கள் அவர்கள் மொண்டு முடிக்கும்வரை வரிசையில் நிற்க வேண்டும்.

போன கோடையில் ஊற்று குரங்குகளின் வாசலில் இருந்தது. குரங்குகள் மொண்டன, குளித்தன, ஒன்றன்மேல் ஒன்று இறைத்து விளையாடின. சடைச்சியின் முறை வரும்போது சேறுதான் மிஞ்சும். அதை இலையில் வடிகட்டிக் குட்டிகளுக்குக் கொடுத்தே அவளுக்கு அந்தக் கோடை போயிற்று.

இந்த வருஷம் மைனா பறந்து வந்து சேதி சொன்னது: "சடைச்சியக்கா! நாளைக்கு மத்தியானம் பெரியம்மாவுக்கு உங்க வீட்டுலதான் சாப்பாடாம்!"

சடைச்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏங்க, என்னங்க சமைக்கிறது?"

மந்தையன் நிழலில் மல்லாந்து கிடந்தான். "கொல்லையைப் பாரு. மாங்கா தொங்குது. முருங்கை ஒடியுற மாதிரி காய்ச்சிருக்கு. வெள்ளரிப்பிஞ்சு காலை இடறுது. பனைமரம் பூரா நுங்கு. இதுல என்ன யோசனை?"

"இதையா? பெரியம்மாவுக்கா?"

"ஏன், பெரியம்மாவுக்கு வாய் இல்லையா?"

"உங்ககிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க! ஊரே வந்து பாக்கும். 'சடைச்சி வெள்ளரிக்காயை வெட்டி வெச்சு அனுப்பிட்டா'ன்னு நாளைக்கு நாலு பேரு சொன்னா, உங்களுக்கு ஒண்ணும் உறைக்காது. தோலு அப்படி."

"நாலு பேரும் வெள்ளரிக்காய் கேட்டு நம்ம கொல்லைக்குத்தான் வருவாங்க" என்று சொல்லிவிட்டு மந்தையன் மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.

இந்தப் பேச்சையெல்லாம் வேலிக்கு வெளியே நின்று ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஓடைக்கு அந்தக் கரையில் குடியிருந்த புனுகுப்பூனைதான் அது. அவன் வருவதற்கு முன்னால் அவன் வாசனை வரும். அவன் பேச்சு அதைவிட மணக்கும். மற்றபடி அவனுக்கு ஒரு செடி கிடையாது, ஒரு கொடி கிடையாது, நட்டு வளர்க்கிற பழக்கமே கிடையாது.

"அக்கா, விருந்தாமே?" என்று உள்ளே வந்தான் புனுகுப்பூனை. "மாமா சொல்றதைக் கேட்டுடாதீங்க. நுங்கும் வெள்ளரியும் இப்ப எங்கதான் இல்ல? பெரியம்மா வர்ற வழியெல்லாம் அதைத்தானே மிதிச்சுக்கிட்டு வருவாங்க? மிதிச்சதையே இலையிலயும் வெச்சா நல்லாவா இருக்கும்?"

"அப்படிச் சொல்லு தம்பி!" என்றாள் சடைச்சி. "புத்தியுள்ள பேச்சு இந்த வீட்டுக்குள்ள இப்பதான் வருது."

"பெரிய விருந்துன்னா என்னக்கா அர்த்தம்? இப்பக் கிடைக்காததை வைக்கணும். சித்திரையில நாவற்பழம் வெச்சா எப்படி இருக்கும்? கோடையில சீதாப்பழம் வெச்சா எப்படி இருக்கும்?"

சடைச்சியின் கண் அகலமாக விரிந்தது. "அது எப்படிக் கிடைக்கும்?"

"உங்களுக்குன்னா கிடைக்கும். என்கிட்ட ரெண்டு பானை இருக்கு. யாருக்கும் காட்டினதில்ல. காசா பணமா, தம்பி அக்காவுக்குச் செய்யுறதுதானே?"

போனவன் கொஞ்ச நேரத்தில் இரண்டு பானைகளோடு வந்தான். பானைகளின் வாயைத் தாமரை இலையால் மூடி, கொடியால் இறுக்கிக் கட்டி, மேலே கமகமவென்று புனுகு பூசியிருந்தது.

சடைச்சி எதைச் சமைத்தாலும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். உப்பா, புளிப்பா என்று பார்க்காமல் ஒரு சட்டியையும் இறக்கியதில்லை. கை தானாகக் கட்டை அவிழ்க்கப் போயிற்று.

"ஐயையோ, அக்கா!" புனுகுப்பூனை பதறிப்போய்ப் பானையைக் கட்டிக்கொண்டான். "சாமிக்குப் படைக்கிறதை யாராவது முன்னாடியே ருசி பார்ப்பாங்களா?"

"இது படையல் இல்லையே தம்பி, விருந்துதானே?"

"பெரியம்மா நமக்குச் சாமி இல்லையா?"

சடைச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தப்பு, தப்பு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"இலை போட்டு, பெரியம்மா உக்காந்த பிறகுதான் அவிழ்க்கணும். அப்புறம் இன்னொண்ணு. இந்த மாங்கா, முருங்கை, வெள்ளரியெல்லாம் கொல்லையில இப்படித் தொங்கினா விருந்தாளி கண்ணுல படாதா? நாவற்பழம் வைக்கிற வீடா இதுன்னு நினைக்க மாட்டாங்களா?"

"ஆமாமில்ல? இப்ப என்ன பண்றது?"

"கவலையை விடுங்க. நானே பறிச்சுக்கிட்டுப் போயி உங்க கண்ணுல படாத இடத்துல வெச்சுடறேன்."

"உனக்கு ஏன் தம்பி அவ்வளவு சிரமம்?"

"உங்களுக்காகத்தானே" என்றான் புனுகுப்பூனை.

பொழுது சாய்வதற்குள் கொல்லை துடைத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. சடைச்சியே ஏணி பிடித்தாள். பனைமரத்து உச்சியிலிருந்து நுங்குக் குலையை அவளே கயிறு கட்டி இறக்கினாள். கடைசிக் கூடையைப் புனுகுப்பூனையின் தலையில் தூக்கிவைத்தவளும் அவள்தான்.

"அட பாவி மகளே," என்றான் தூங்கி எழுந்து வந்த மந்தையன், "ராத்திரிக்கு நமக்கு என்ன?"

"ஒரு ராத்திரி சும்மா படுங்க. நாளையிலேருந்து வாசல்ல தண்ணி!"

மறுநாள் மத்தியானம் பெரியம்மா தன் கூட்டத்தோடு வந்து இறங்கியது. முயல், மான், குரங்கு என்று வேடிக்கை பார்க்க ஊரே வேலியோரம் கூடிவிட்டது. சடைச்சி தலைவாழை இலை போட்டாள். இரண்டு பானைகளையும் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். நாலு பேருக்கும் கேட்கிற மாதிரித் தொண்டையைச் செருமினாள்.

"பெரியம்மா! இது நாவற்பழம்! சித்திரையில நாவற்பழம்!"

கட்டை அவிழ்த்தாள். 'புஸ்ஸ்' என்று பானை சீறியது. உள்ளேயிருந்து கிளம்பிய வாடையில் முன்வரிசையில் நின்ற முயல்கள் பின்வரிசைக்குப் போய்விட்டன. பழம் எது, பூஞ்சை எது என்று தெரியாமல் கறுப்பாக ஏதோ கொழகொழத்துக் கிடந்தது.

பெரியம்மா தும்பிக்கையை நீட்டியது. பாதி வழியிலேயே சுருட்டிக்கொண்டது.

"நாவல் ஆடியிலதானே பழுக்கும், தாயி?"

"ஆமா, பெரியம்மா."

"இது எந்த வருஷத்து ஆடி?"

சடைச்சி அந்தப் பானையை ஓரமாகத் தள்ளிவைத்தாள். அவசர அவசரமாக இரண்டாவது பானையை அவிழ்த்தாள். "சீதாப்பழம், பெரியம்மா!" அதில் புழுக்கள் குடும்பம் குட்டியோடு சௌக்கியமாக இருந்தன.

பெரியம்மா மரியாதை தெரிந்த யானை. "அடடா, இன்னைக்கு எனக்கு விரதம். மறந்தே போச்சு பாரு" என்றது.

"எங்களுக்கும்தான்! எங்களுக்கும்தான்!" என்று மற்ற யானைகளும் வேகவேகமாகத் தலையாட்டின.

அந்த நேரம் பார்த்து மேற்கேயிருந்து காற்று அடித்தது. அதில் அப்போதுதான் அரிந்த வெள்ளரிப்பிஞ்சின் வாசம் வந்தது. பால் வடிகிற மாங்காயின் புளிப்பு வாசமும் சேர்ந்து வந்தது. யானைகளின் தும்பிக்கை எல்லாம் ஒரே மாதிரி அந்தக் கரைப் பக்கம் திரும்பின.

"விரதம்னா நுங்கு சாப்பிடலாம்தானே?" என்றது ஒரு யானை.

"தாராளமா" என்றது பெரியம்மா.

கூட்டம் மணலைக் கடந்தது. அந்தக் கரையில் புனுகுப்பூனை தன் வாசலில் பச்சைத் தழையை விரித்து, வெள்ளரியை அரிந்து, மாங்காயைக் கீறி, நுங்கைச் சீவி, முருங்கைக் கொத்துகளைக் குவித்து வைத்துக் காத்திருந்தான். அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை.

"வாங்க பெரியம்மா! ஏதோ ஏழை வீட்டுல இருக்கிறது. மனசார வெச்சிருக்கேன்."

பெரியம்மா ஒரு மாங்காயை வாயில் போட்டது. கண்ணை மூடிக்கொண்டது. மற்ற யானைகளும் சுற்றி நின்று தின்ன ஆரம்பித்தன. நறுக் நறுக்கென்ற சத்தம் மட்டும் கிழக்குக் கரை வரைக்கும் கேட்டது.

சடைச்சி சுடுமணலில் குதித்துக் குதித்து ஓடிவந்தாள். மந்தையனும் பின்னாலேயே ஓடிவந்தான்.

"பெரியம்மா! அந்தக் காய் அத்தனையும் என் கொல்லைக் காய்! நான் தண்ணி ஊத்தி வளர்த்தது! இவன் ஒரு விதைகூடப் போட்டதில்ல!"

புனுகுப்பூனை தலையைக் குனிந்துகொண்டு மீசையைத் தடவினான்.

"அப்படியா?" என்றது பெரியம்மா. "நல்ல காய், தாயி. தேன் மாதிரி இருக்கு. எனக்கு ஏன் வைக்கல?"

சடைச்சி வாயைத் திறந்தாள். ஊரே பின்னால் நின்றுகொண்டிருந்தது.

"அது வந்து... அது நாங்க வீட்டுல திங்கிறது, பெரியம்மா."

"நான் எங்க சாப்பிட வந்தேன்?"

"எங்க... எங்க வீட்டுலதான்."

பெரியம்மா கடைசி நுங்கையும் உறிஞ்சிவிட்டு எழுந்தது. "இது இவன் விளைவிச்சதில்லன்னு எனக்கும் தெரியுது, தாயி. ஆனா எந்தக் கொல்லையில காய்ச்சதுன்னு வயித்துக்குத் தெரியாது. யாரு இலையில வெச்சாங்கன்னுதான் அதுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, புனுகுப்பூனையின் வாசலுக்கு நேரே முன்காலால் மணலைப் பறிக்க ஆரம்பித்தது. சில்லென்று தண்ணீர் பொங்கி வந்தது.

மறுநாள் காலையில் சடைச்சி தலையில் குடமும் பின்னால் மந்தையனும் குட்டிகளுமாக ஓடையைக் கடந்து போனாள். புனுகுப்பூனை ஊற்றில் கால் நனைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வாங்கக்கா, வாங்க! குரங்குகளுக்குப் பின்னாடி நில்லுங்க. அப்புறம், அக்கா, கொல்லையில புதுசாப் பிஞ்சு ஏதாவது விட்டிருக்கா?"

சடைச்சி மந்தையனைப் பார்த்தாள். மந்தையன் குடத்தை வாங்கிக்கொண்டு குரங்குகளுக்குப் பின்னால் போய் நின்றான்.

நீதி: வீட்டார் விரும்பி உண்பதை விருந்தாளிக்கு வைக்கக் கூசாதே, நீ கூசி மறைத்ததைப் பரிமாறியே இன்னொருவன் பெயர் வாங்கிவிடுவான்.