கடகடத்த கடைசி அறை

"டீச்சர், ஒரு பெட்டியை வித்தா, உள்ளே இருக்கிறதையும் சேர்த்து வித்ததாத்தானே அர்த்தம்?"

பட்டறை வாசலில் நின்றபடியே இசக்கியப்பன் கேட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் அவருடைய ஆட்டோ நின்றது.

மெர்லின் டீச்சர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"யாரு வித்தது?"

"நான்தான்!"

குரல் ஆட்டோவுக்குள்ளிருந்து வந்தது. துருப்பிடித்த இரும்புப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி சந்தனமாரி உட்கார்ந்திருந்தார்.

சந்தனமாரி தூத்துக்குடியில் துறைமுகச் சாலையில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். இசக்கியப்பன் ஆட்டோ ஓட்டுகிறவர். நாற்பதைத் தாண்டிய பிறகு ஃபிட்டர் வேலையில் ஆசை வந்து, தன்னைவிட வயதில் இளையவரான மெர்லின் டீச்சரின் பட்டறையில் அதைக் கற்கச் சேர்ந்திருந்தார். தை பிறந்ததும் சொந்தமாகப் பட்டறை போட வேண்டும் என்பது அவர் கனவு.

அதற்காகத்தான் இந்தப் பெட்டி. ஏதோ ஒரு கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தது. ஸ்பானர், சுத்தியல், ஸ்குரூ டிரைவர் எல்லாம் வைக்க அடுக்கடுக்காக இழுப்பறைகள்; அடியில் நான்கு சின்னச் சக்கரங்கள்.

மற்ற இழுப்பறைகளில் துருவைத் தவிர ஒன்றுமில்லை. அடியிலிருந்த கடைசி அறை மட்டும் திறக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றும்போது அதற்குள் ஏதோ கடகடவென்று உருண்டது.

சத்தம் இரண்டு பேர் காதிலும் விழுந்துவிட்டது.

"தங்கம், டீச்சர்! கப்பல்காரன் எவனோ பதுக்கி வச்சிருக்கான்."

"தங்கமாம் தங்கம்!" என்றார் சந்தனமாரி. "அம்புட்டும் முத்து. நான் பெட்டியைத்தான் வித்தேன். முத்தை விக்கலை."

"நீங்களே சொல்லுங்க டீச்சர், இது யாருக்கு?"

டீச்சர் எழுந்து வந்தார். பெட்டியை லேசாக ஆட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"வெட்டிப் பாத்துருவோமா?" என்றார் இசக்கியப்பன்.

"வெட்டுங்க! இப்பவே வெட்டுங்க!" என்றார் சந்தனமாரி.

அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"வெட்டக் கூடாது," என்றார் டீச்சர். "நெம்பவும் கூடாது. திறந்து காட்டுங்க. யாருக்குன்னு அப்புறம் சொல்லுதேன்."

"பிறகு எப்படித் திறக்க?"

டீச்சர் உள்ளே போய் துரு தேய்க்கும் உப்புத்தாள் ஒன்றை எடுத்து வந்தார். அதை இரண்டாகக் கிழித்தார். ஆளுக்குப் பாதி நீட்டினார்.

"எனக்கு எதுக்கு?" என்றார் சந்தனமாரி. "நான் கடைக்காரி."

"சரிதான். நீங்க கடைக்குப் போங்க அக்கா. அண்ணாச்சி பாத்துக்கிடுவாரு."

சந்தனமாரி இசக்கியப்பனைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

முதலில் இருவரும் பெட்டியைத் தேய்க்கவில்லை. ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். அவர் டீ குடிக்கப் போனால் இவரும் கூடவே போவார். இவர் போனை எடுத்தால் அவர் அறையின் விளிம்பில் கண்ணை வைப்பார். எட்டிப் பார்க்கவும் வழியில்லை. கடைசி அறைக்கு மேலே கனத்த தகடு ஒன்று மூடியிருந்தது.

பார்த்துக்கொண்டே இருக்க முடியாதே. கை தானாகத் தேய்த்தது.

"யக்கா! இங்க பாருங்க!"

"என்ன, திறந்துட்டா?"

"இல்லக்கா. பச்சை!"

துருவுக்கு அடியில் பழைய பெயின்ட் தெரிந்தது. இளம் வாழையிலையின் பச்சை. சந்தனமாரி குனிந்து பார்த்தார். விரல் நகத்தால் சுரண்டினார். வாழ்நாள் முழுக்க இரும்பை எடைபோட்டவர், ஒரு பெட்டிக்கு நிறம் உண்டு என்பதை அப்போதுதான் பார்த்தவர்போல் நின்றார்.

"அந்த மூலையை எனக்கு விடு," என்றார்.

மறுநாள் டீசலில் நனைத்த துணியால் இழுப்பறைகளின் தண்டவாளங்களைத் துடைத்தார்கள். சாயங்காலம் ஒரு கூச்சல் கேட்டது.

"டீச்சர்! டீச்சர்! வந்துட்டு!"

"கடைசி அறையா?" உள்ளேயிருந்து டீச்சர் கேட்டார்.

"இல்ல டீச்சர். மேல் அறை."

"அதுலதான் ஒண்ணும் இல்லையே."

"இல்லதான். ஆனா வழுக்கிட்டு ஓடுது டீச்சர்!"

அதன்பிறகு சந்தனமாரி கடையைச் சீக்கிரமே அடைத்தார். இசக்கியப்பன் சவாரியை இறக்கிவிட்ட கையோடு வண்டியைப் பட்டறைக்கு விரட்டினார். யார் முதலில் வருவது என்று போட்டியே நடந்தது.

எல்லா அறையும் ஓடியது. கடைசி அறை மட்டும் அசையவில்லை.

"டீச்சர், துரு முழுசும் போயிட்டு. எண்ணெயும் விட்டாச்சு. இன்னும் என்ன செய்ய?"

டீச்சர் பெட்டியைச் சுற்றி வந்தார். ஒரு பக்கத்தில் நின்று உள்ளங்கையைத் தகட்டின்மேல் வைத்தார். எடுத்தார். போய்விட்டார்.

இசக்கியப்பன் அதே இடத்தில் கையை வைத்தார். பிறகு சந்தனமாரி வைத்தார்.

"ஒடுக்கு!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

எப்போதோ எதுவோ இடித்து மூடு தகட்டுக்குச் சற்று மேலே அந்தப் பக்கச் சுவர் உள்வாங்கியிருந்தது. அதுதான் கீழேயிருந்த கடைசி அறையையும் நெருக்கிப் பிடித்திருந்தது.

ஒடுக்கு எடுக்க இரண்டு பேர் வேண்டும். மேல் அறைகளைக் கழற்றிவிட்டு, ஒருவர் உள்ளே கைவிட்டுச் சுத்தியலால் அடிக்க வேண்டும். மற்றவர் வெளியே மரக்கட்டையை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அடிப்பவருக்கு வெளிப்பக்கம் தெரியாது. பிடிப்பவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

இசக்கியப்பன் கையைத் தோள்வரை உள்ளே விட்டார். சந்தனமாரி கட்டையை மார்போடு அணைத்துத் தகட்டில் முட்டுக்கொடுத்தார்.

"இன்னும் கீழ. இன்னும். அங்கதான், போடு!"

டங்.

"வருது தம்பி, வருது! மெதுவா. இப்ப போடு!"

டங்.

"ஐயோ, அழகா வருது! இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

டங்.

கீழே ஏதோ நெகிழ்ந்தது. கடைசி அறை விரற்கடை அளவு முன்னால் வந்து நின்றது.

இசக்கியப்பன் சுத்தியலோடு கையை வெளியே எடுத்தார்.

"நீங்க இழுங்க யக்கா."

"நீ இழு."

ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். அறை முனகிக்கொண்டே வெளியே வந்தது.

"தள்ளு, தள்ளு, உள்ளே தள்ளு! எண்ணெய் விடு!"

"விட்டாச்சு! இழுங்க!"

"மறுபடி தள்ளு!"

"யக்கா, ஒத்தை விரல்! ஒத்தை விரல்ல வருது பாருங்க!"

எதிர்த்த டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். சந்தனமாரி அவர்களுக்கும் ஒருமுறை இழுத்துக் காட்டினார். தள்ளிக் காட்டினார். இசக்கியப்பன் பிடித்திருந்த சுத்தியலை இன்னும் கீழே வைக்கவில்லை.

டீச்சர் வெளியே வந்தார்.

"உள்ளே என்ன இருக்கு?"

அப்போதுதான் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

சைக்கிள் சக்கரத்தில் இருக்குமே, அதுபோன்ற பால்ரஸ் குண்டுகள். அறை ஓடும் தண்டவாளத்திலிருந்து உதிர்ந்து, உள்ளே விழுந்து கிடந்தவை.

சந்தனமாரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து இசக்கியப்பனும் சிரித்தார்.

டீச்சர் காத்திருந்தார்.

"சரி, திறந்தாச்சு. யாருக்குன்னு சொல்லுதேன்னேன்லா. இப்ப..."

"கொஞ்சம் இருங்க டீச்சர்," என்றார் சந்தனமாரி. அவர் பெட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். "சக்கரம் ஒண்ணு கோணலா நிக்குது. தம்பி, அந்த டார்ச்சை அடி."

இசக்கியப்பன் ஏற்கெனவே தரையில் படுத்திருந்தார்.