கொத்துக்கையனின் பிடியும் வேம்புவின் பின்னலும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, மரமும் மாடும் வாய் திறந்து பேசின நாளில், மஞ்சனூர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பெரியவங்களும் கேளுங்க, பொடிசுகளும் கேளுங்க. நடுவில் யாரும் 'உச்' கொட்டாதீங்க. இந்தக் கதையை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். 'ஐயோ பாவம்'னு நீங்க வேற சொன்னா இன்னும் எரியும்.

மஞ்சனூர்ப் பெண்களுக்கு முடின்னா முடி, அப்படி ஒரு முடி. முழங்காலைத் தொடும். ஆத்தில் சீயக்காய் தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்து, வெயிலில் காயவெச்சு, பின்னல் போட்டு, நுனியில் குஞ்சலம் கட்டுவாங்க. அதனால் யாருக்கு என்ன கெடுதல்? ஒருத்தருக்கும் இல்லை.

அந்த ஊருக்கு வந்து சேர்ந்தான் ஒரு மந்திரவாதி. பேர் கொத்துக்கையன். அவனுடைய வலது கை இடது கையைவிட ரெண்டு மடங்கு பெரிசு. பூனை மாதிரி பின்னாலேயே வருவான். பின்னலைக் கொத்தாகப் பிடிப்பான். பிடிபட்டவள் என்ன செய்வாள்? தப்பிக்கத்தானே பார்ப்பாள்? தலையை முன்னால் இழுப்பாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு பாடுவான்:

"இழு பெண்ணே இழு! இழுக்க இழுக்க இறுகும்!"

அவள் இழுக்கிற பலம் முழுக்க அவன் கைக்குள்ளே போகும். முதலில் அவள் கால் மரமாகும். பிறகு இடுப்பு மரமாகும். கடைசியில் வாய் மரமாகும். அதோட ஒரு சாண் மரப்பாச்சியாகச் சுருங்கி அவன் உள்ளங்கையில் கிடப்பாள். அந்தப் பாவி அவளைக் கொண்டுபோய் வீட்டு மாடத்தில் மற்றவர்களோட வரிசையாக அடுக்கி வைப்பான்.

"என் பிடியை எவளாவது ஒருத்தி திறந்துட்டா, மாடத்தில் இருக்கிற அத்தனை பேரையும் விட்டுடறேன்!" என்று கடைத்தெருவில் நின்று கத்துவான். அத்தனை திமிர்!

ராஜா மகுடவர்மன் என்ன செய்தான் தெரியுமா? கேளுங்க அந்தக் கூத்தை.

முதலில் பறை அறைவித்தான்: "பெண்கள் யாரும் வெளியே போகக் கூடாது!" பெண்கள் வீட்டுக்குள்ளே அடைந்தார்கள். கொத்துக்கையன் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து, கிணத்தடியில் பிடித்தான்.

ரெண்டாவது பறை: "எல்லாப் பெண்களும் கொண்டை போட வேண்டும்!" போட்டார்கள். "அட, பின்னலைவிடக் கொண்டை கைக்கு வாகா இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே பிடித்தான்.

நடுவில் அரண்மனை மல்லர்கள் மூணு பேர் போனார்கள். ஒருத்தியை அவன் பிடித்திருக்கும்போதே பாய்ந்து, அவனுடைய கட்டைவிரலைப் பிடித்து மூச்சு முட்ட இழுத்தார்கள். அவன் ஒரு உதறு உதறினான். மூணு பேரும் சாக்கடையில் போய் விழுந்தார்கள்.

மூணாவது பறை என்ன தெரியுமா? "வெள்ளிக்கிழமை எல்லாப் பெண்களுக்கும் மொட்டை! கத்தி தீட்டி வைத்தாகிவிட்டது!"

அடப் பாவி! பிடிக்கிறவன் கை ஊரெல்லாம் மேயுது. அதை விட்டுட்டு, பிடிபடுகிற முடியை வெட்டுறானாம். இவனெல்லாம் ஒரு ராஜா, இவன் தலைக்கு ஒரு கிரீடம்!

சரி, நான் கத்தி என்ன ஆகப் போகுது. கதைக்கு வருவோம்.

அந்த ஊரில் செவந்தி, வேம்பு என்று அக்காளும் தங்கச்சியும் இருந்தார்கள். செவந்திக்குப் பால்குடி மறக்காத பிள்ளை, பேர் பொன்னன். புருஷன் கப்பலேறிப் போனவன் இன்னும் திரும்பவில்லை. பறைக்குப் பயந்து கொண்டை போட்டுக்கொண்டு, பிள்ளையின் துணியைக் கிணத்தடியில் அலசிக்கொண்டிருந்தாள் செவந்தி. அங்கேயே பிடித்துக்கொண்டு போய்விட்டான் கொத்துக்கையன்.

பொன்னன் அழுதான். வேம்பு ஆட்டுப் பால் கொடுத்தாள், துப்பினான். பசும்பால் கொடுத்தாள், துப்பினான். கஞ்சித் தண்ணியைத் தொட்டு நாக்கில் வைத்தாள், அதையும் துப்பினான். அவனுக்கு வேண்டியது அவன் அம்மா. பிள்ளையின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. இன்னும் ரெண்டு நாள் போனால் பிள்ளை தங்காது என்று பக்கத்து வீட்டில் பேசியது வேம்பு காதில் விழுந்தது.

"அழாதடா கண்ணு, அழாதடா" என்று குனிந்தாள். பசிக் கோபத்தில் பிள்ளை, கொண்டை அவிழ்ந்து தொங்கிய அவள் பின்னலை ஒரு கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

"ஆ! விடுடா!" வேம்பு தலையை இழுத்தாள். பிடி இறுகியது. இன்னும் இழுத்தாள். இன்னும் இறுகியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இழுக்கத் தெம்பில்லாமல் அப்படியே பிள்ளை பக்கம் சாய்ந்தாள். அந்தக் குட்டிக் கையைத் தன் தலையோட சேர்த்து அமுக்கிக்கொண்டாள். வலி நின்றுபோனது. சுண்டுவிரலை மெல்லப் பின்னால் மடக்கினாள். கை தன்னால் விரிந்தது.

வேம்பு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 'இழுக்க இழுக்க இறுகும்... அப்போ இழுக்காட்டி?'

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனாள்.

"மகாராஜா, கத்தியை நிறுத்தச் சொல்லுங்க."

"என்ன பெண்ணே, உன் முடி உனக்கு அவ்வளவு உசத்தியா?"

"என் அக்கா உசத்தி மகாராஜா. முடி போயிட்டா அவன் பிடிக்க மாட்டான். அவன் பிடிக்காட்டி அந்தப் பிடியை யார் திறக்கிறது? மாடத்தில் இருக்கிறவங்க மாடத்திலேயே கிடப்பாங்க."

"என் மல்லர்களாலேயே முடியலை. நீ திறந்துடுவியோ?"

"உங்க மல்லர்கள் எந்த விரலை இழுத்தாங்க?"

"கட்டைவிரலை. அதுதானே பெரிசு?"

வேம்பு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்த பார்வையில் ராஜா கொஞ்சம் நெளிந்தான்.

"தோத்தா?" என்றான்.

"மாடத்தில் இன்னொரு பொம்மை. உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்? ஆனா ஜெயிச்சா, நான் கேட்கிறதைச் செய்யணும்."

"சரி, போ!" என்றான் ராஜா. ஜெயிக்க மாட்டாள் என்ற தைரியம் அவனுக்கு.

மறுநாள் உச்சி வெயிலில், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பின்னலை முதுகில் தொங்கவிட்டு, குஞ்சலம் ஆட ஆட கடைத்தெருவில் நடந்தாள் வேம்பு. தெருவில் ஈ காக்கை இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் மட்டும் கண்கள் தெரிந்தன. வேம்பு பயந்தாளா? ஆமாம், பயந்தாள். பயம் இல்லாமல் இருக்க அவள் என்ன கல்லா?

பின்னால் ஒரு காலடி கேட்டது. அடுத்த நொடி தலை சுள்ளென்று பின்னால் சாய்ந்தது.

"இழு பெண்ணே இழு! இழுக்க இழுக்க இறுகும்!"

எல்லாம் தெரிந்திருந்தும், உடம்பு இழுத்துவிட்டது. கால்விரல் மரமாகியது. கணுக்கால் மரமாகியது. "ஐயோ!" என்று ஜன்னல்கள் முனகின.

வேம்புக்குப் பொன்னனின் விலா எலும்பு ஞாபகம் வந்தது. இழுப்பதை நிறுத்தினாள். ரெண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோய், அவன் கையைத் தன் தலையோட சேர்த்து அமுக்கினாள்.

அவன் பாட்டு பாதியில் நின்றது. அதுவரை யாருமே அவன் கையைப் பிடித்து வைத்துக்கொண்டதில்லை.

வேம்பு முழங்காலை மடக்கி, அவன் பக்கமே திரும்பி, அவனை நெருங்கி நின்றாள். அவன் கை முறுக்கிக்கொண்டது. முகத்துக்கு முகம் பார்த்தாள். கணுக்காலுக்கு உயிர் வந்தது. அந்தக் குதிகாலால் அவன் கால்விரலை ஓங்கி மிதித்தாள்.

"ஆ! விடு! விடுடி!" என்று அலறினான் கொத்துக்கையன்.

"பிடிச்சது நீ! என்னை விடச் சொல்றியா?"

ஒரு கையால் அமுக்கியபடியே, மறு கையால் அவன் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தாள். "இது கிணத்தடிக்கு வந்ததுக்கு!" என்று பின்னால் மடக்கினாள். சுண்டுவிரல் படக்கென்று திறந்தது. மாடத்துப் பொம்மைகளுக்கெல்லாம் கால் வந்தது.

"இது கொண்டையைப் பார்த்துச் சிரிச்சதுக்கு!" மோதிரவிரல் திறந்தது. பொம்மைகளுக்கு இடுப்பு வந்தது.

"இது பால் குடிக்கிற பிள்ளையைப் பட்டினி போட்டதுக்கு!" நடுவிரல் திறந்தது. பொம்மைகளுக்கு வாய் வந்தது.

வாய் வந்ததுதான் தாமதம், அத்தனை பெண்களும் ஆளுயரம் நிமிர்ந்து, கதவை உடைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். இத்தனை நாள் மரமாகக் கிடந்த வாயில் இருந்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. அவர்கள் திட்டிய திட்டையெல்லாம் இங்கே சொன்னால் பொடிசுகள் வீட்டில் போய்ப் பழகும், வேண்டாம். திட்டி முடித்துச் சேர்ந்து பாடினார்கள்:

"இழு கையா இழு! இழுக்க இழுக்க விரியும்!"

மிச்ச ரெண்டு விரலும் தன்னால் விரிந்தன. விரிந்த கை பிறகு மூடவே இல்லை. இன்றைக்கும் அந்தக் கை சோத்து உருண்டையைக்கூடப் பிடிக்காது. "ஒரு வாய் ஊட்டி விடுங்களேன்" என்று வீடு வீடாகப் போய் நிற்கிறான். யாரும் ஊட்டுவதில்லை. நானாக இருந்தாலும் ஊட்ட மாட்டேன்.

ராஜா பல்லக்கில் வந்து இறங்கினான். "வேம்பு, உனக்குப் பொன்னா, பட்டா, பத்து ஊரா? என்ன வேணும்?"

"மொட்டைப் பறையைத் திரும்ப வாங்குங்க."

"வாங்கியாச்சு!"

"தீட்டின கத்தி வீணாப் போகக் கூடாது மகாராஜா. உங்க மீசையை எடுத்துடுங்க. அது இருந்து இத்தனை நாள் ஒண்ணும் செய்யலை."

கொடுத்த வாக்காச்சே! நடுத்தெருவில், அத்தனை பெண்களும் பார்க்க, ராஜா மீசை மண்ணில் விழுந்தது. பிறகு ராஜா, கொத்துக்கையனின் வீட்டையும் தோட்டத்தையும் அவன் பொம்மையாக்கி வைத்திருந்த பெண்களுக்கே எழுதிக் கொடுத்தான்.

செவந்தி இதற்கெல்லாம் நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பிள்ளையை வாரி எடுத்து மடியில் போட்டாள். பொன்னன் முட்டி முட்டிக் குடித்தான். குடித்து முடித்த சந்தோஷத்தில் கையை நீட்டி, அவிழ்ந்து தொங்கிய அம்மா முடியை ஒரு கொத்தாகப் பிடித்தான்.

செவந்தியின் முகம் வெளிறிப்போனது. தலையை வெடுக்கென்று இழுக்கப் போனாள். பின்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த வேம்பு எழுந்து கிட்டே வந்தாள்.

"இழுக்காதே அக்கா. அவன் பக்கம் குனி."

செவந்தி குனிந்தாள். குட்டிக் கையைத் தலையோட சேர்த்து அமுக்கினாள். சுண்டுவிரலைத் திறந்து, அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.

"விடணும்டா ராஜா" என்றாள். "அம்மா வலிக்குதுன்னா விட்டுடணும்."

பிள்ளை அம்மா முகத்தையே பார்த்தது. பிறகு கையை விரித்தது.