இரண்டு பானைச் சோறு

லண்டனில் ஒரு கூடம். சனிக்கிழமை மத்தியானம் அந்த வட்டாரத்துக் கறுப்பினக் குடும்பங்கள் ஆளுக்கொரு பானையோடு வந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். நடத்துவது ஜமைக்காக்காரி வின்சம். அவளுக்குக் கூடமாட உதவும் மார்வின் அவளைவிட வயதில் மூத்தவன். ஆனாலும் அடுப்படியில் அவளைக் "குருவே" என்றுதான் கூப்பிடுவான்.

வின்சம் தன் மகளின் பிரசவத்துக்காகச் சில வாரம் வெளியூர் போனாள். பொறுப்பு மார்வினுக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் திரும்பி வந்து பார்த்தால் கூடம் வெறிச்சோடிக் கிடக்கிறது.

"என்னய்யா இது?"

"அடுத்த வாரமும் ஆள் வரலைன்னா கூடத்தை வேற யாருக்கோ விட்டுடுவாங்களாம், குருவே." மார்வினுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ என்ன செஞ்சே?"

"நல்லதுதான் செஞ்சேன். நைஜீரியா புகோலாவும் கானா அட்வோவாவும் வாராவாரம் அடிச்சுக்குவாங்களே, தக்காளிச் சோறு யாரோடது உசத்தின்னு? காது கிழியுது! யாரும் எதுவும் கொண்டு வரவேண்டாம்னு சொல்லிட்டு நானே ஆக்கிப் போட்டேன். சத்தமில்லாம சாப்பிட்டாங்க."

வின்சம் மீதிச் சோற்றைத் தொட்டு வாயில் போட்டாள். "ருசியாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் வரலை?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்தாள்.

"புகோலா, அடுத்த சனிக்கிழமை அட்வோவா சோறு கொண்டு வர்றா." வைத்தாள்.

"அட்வோவா, புகோலா கொண்டு வர்றா." வைத்தாள்.

"ஐயையோ, குடியைக் கெடுத்தீங்களே!" என்றான் மார்வின்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பெரிய பானைகள் வந்தன. பின்னாலேயே இரண்டு பக்கத்துச் சொந்தபந்தமும் வந்தது. நாற்காலி போதவில்லை.

"எங்க அரிசியைப் பாரு, உதிரி உதிரியா!" என்றாள் புகோலா.

"உதிரியா இருந்தா ஆச்சா? உறைப்பு எங்கே?"

சோற்றில் ஆரம்பித்த வாய்ச்சண்டை கல்யாண விருந்துக்குப் போய், ஆளுக்கொரு ஊர்ப் பாட்டில் வந்து நின்றது. யாரோ மேசையில் தாளம் போட்டார்கள். லண்டனிலேயே பிறந்த பிள்ளைகள் தட்டும் கையுமாக ஆட எழுந்தார்கள். மார்வினுக்கும் கால் சும்மா இருக்கவில்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வின்சத்தின் தட்டைப் பார்த்தான். இரண்டு சோறும் துளி மிச்சமில்லை.

"ரெண்டையும் சாப்பிட்டீங்கல்ல, குருவே? எது உசத்தின்னு நீங்களே தீர்ப்புச் சொல்லிடுங்க. இன்னியோட சண்டை தீர்ந்துடும்."

வின்சம் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"தீர்ந்துட்டா, அடுத்த சனிக்கிழமை யாருய்யா வருவாங்க?"